நன்னூல் காட்டும் கல்விமுறையும் உயர்கல்வியின் புதுநெறிகளும்

உயர்கல்வி பற்றிய விவாதங்களில் இரண்டு முறைகள் எதிரெதிராக நிறுத்தப்படுகின்றன. ஆசிரியர் கூற, மாணாக்கர் கேட்டுக் குறித்துக்கொள்வது பழைய முறை. மாணாக்கன் தன் தேவையும் திறனும் வேகமும் நோக்கித் தானே தேடிக் கற்க, ஆசிரியர் துணைநிற்பது புதிய முறை. முன்னையது கிளிகளை வளர்ப்பது, பின்னையது சிந்தனையாளரை வளர்ப்பது என ஒரு சாரார் கூறுவர். முன்னையது புலமையைத் தருவது, பின்னையது நுனிப்புல் மேய்ச்சலைப் பரப்புவது என மற்றொரு சாரார் கூறுவர். இரு சாராரும் மரபு என்னுஞ் சொல்லை ஆராயாமலே ஆள்கின்றனர். தமிழ் மரபிற் கற்றலும் கற்பித்தலும் எவ்வாறு கருதப்பட்டன என்பதற்கு நேர்ச்சான்றாக நிற்பது நன்னூலின் பொதுப்பாயிரம். அதனைக்கொண்டு இன்றைய முறைகளை அளப்பதும், அளக்குங்கால் அவ்வளவுகோலின் குறைகளையும் மறையாது காண்பதும் வேண்டப்படும்.

நன்னூல் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சீயகங்கன் என்னுஞ் சிற்றரசன் வேண்டப் பவணந்தி முனிவரால் இயற்றப்பட்ட இலக்கணநூல். யாழ்ப்பாணத்தார்க்கு இந்நூலோடு நெருங்கிய தொடர்புண்டு. ஆறுமுகநாவலர் இதன் விருத்தியுரையைப் பதிப்பித்ததோடு, மாணாக்கர் பயன்கருதிக் காண்டிகையுரையொன்றும் தந்தார். தலைமுறை தலைமுறையாக நம் பாடசாலைகளில் எழுத்தும் சொல்லும் இந்நூல்வழியே பயிலப்பட்டன. ஆயினும் பாயிரப்பகுதி பெரும்பாலும் நெட்டுருச் செய்து ஒப்புவிக்கும் அளவிலே நின்றுவிட்டது. நூல், ஆசிரியன், பாடஞ்சொல்லல், மாணாக்கன், பாடங்கேட்டல் என்னும் ஐந்தன் இயல்பையும் வகுத்துரைக்கும் அப்பகுதி, கல்வி பற்றியதோர் ஒழுங்கான கொள்கை என்பது பலர் நோக்கிற்படவில்லை.

அக்கொள்கையின் முதற்கூறு ஆசிரியனைப் பற்றியது. நல்லாசிரியனுக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் என்பன உவமையாகின்றன. பொறுமையும், அளக்கலாகாப் பெருமையும், நடுவுநிலையும், யாவரும் விரும்புந் தன்மையும் அவற்றாற் பெறப்படும். ஆசிரியனாதற்குத் தகாதவனைக் காட்டும் உவமைகளே இக்காலத்துக்கு மிகப் பொருந்துவன. கழற்சிக்காய்களை இட்டு நிறைத்த குடம், இட்ட முறையன்றி வேறு முறையிலே காய்களை வெளிவிடும். தான் கற்ற ஒழுங்கின்றி மாறுபட உரைப்பவன் அத்தகையான். கருக்குடைய மட்டைகளாற் சூழப்பட்ட பனை, தானே உதிர்த்தாலன்றிப் பிறரை நெருங்கவிடாது. பருத்தி அடைத்த குடுவை, சிறிது சிறிதாக அடைபட்டுச் சிறிது சிறிதாகவே வெளிவிடும். வேலி கடந்து வளைந்த தென்னை, நீர் வார்த்தவனை விடுத்து அயலானுக்கே காய்தரும். அச்சமுண்டாகப் பேசுதலும் ஆசிரியனுக்கு ஆகாக் குணங்களுள் வைக்கப்பட்டது. பழைய கல்வி யாண்டும் அச்சத்தின்மீதே எழுந்தது என்பார் இவ்விடத்தை நோக்குதல் வேண்டும்.

பாடஞ்சொல்லும் முறையைக் கூறுமிடத்து, காலமும் இடமும் அறிந்து, பொருளை முன்னரே உள்ளத்தில் நிரல்படுத்தி, விரையாதும் வெகுளாதும், முகமலர்ச்சியோடு, ஏற்பவனின் ஏற்குந்திறத்தை உணர்ந்து, அவன் உள்ளங் கொள்ளுமாறு உரைத்தல் வேண்டும் என்பது நன்னூலார் கருத்து. இங்கே பாடத்தின் அளவை வரையறுப்பவன் கேட்போனே. மாணாக்கனை மையமாகக் கொள்ளல் என இந்நாளிற் பேசப்படுவதன் வித்து இதன்கண் உள்ளது.

மாணாக்கரை வகைப்படுத்தும் உவமைகளிலும் ஒரு நுட்பம் உண்டு. பாலையும் நீரையும் பிரிப்பதாகக் கூறப்படும் அன்னமும், கிடைத்துழி நிறைய மேய்ந்து பின்னர் ஓரிடத்திருந்து அசைபோடும் பசுவும் தலைமாணாக்கர்க்கு உவமைகள். உழவன் செய்யும் முயற்சியளவே விளையும் மண்ணும், சொல்லிக்கொடுத்ததையே சொல்லுங் கிளியும் இடைமாணாக்கர்க்கு உவமைகள். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பன கடைமாணாக்கர்க்கு உரியன. கிளி முதலிடம் பெறவில்லை என்பது கருதத்தக்கது. கேட்டதைக் கேட்டவாறே திருப்பிச் சொல்லும் மாணாக்கனை மரபு தன் இலட்சியமாகக் கொள்ளவில்லை. பகுத்துக் கொள்பவனும், கொண்டதை மீள மீள எண்ணிப் பார்ப்பவனுமே அதன் இலட்சியம்.

இவை யாவற்றினும் வியக்கத்தக்கது பாடங்கேட்டலின் பயனை அளந்துரைக்கும் பகுதி. ஆசான் உரைத்ததனை எத்துணைச் செவ்வையாகக் கொண்டாலும் மாணாக்கன் பெறுவது புலமையிற் காற்பங்கே. உடன் பயில்வோரோடு பழகி ஆராய்வதால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் பிறர்க்கும் அவையோர்க்கும் விரித்துரைக்கும்போதே கைகூடும். வினாவுதலும், வினாவியவற்றுக்கு விடைகூறுதலும் மாணாக்கன் கடமைகளுள் எண்ணப்பட்டுள்ளன. ஆசிரியன் பெருமையை இத்துணை விரித்த நூல், அவனால் ஆகக்கூடியது நாலிலொன்றே என வரையறுத்தமை அதன் நேர்மைக்குச் சான்று.

இவ்வாறாயின், பழைய முறையெனப் பழிக்கப்படும் குறிப்பெழுதும் வகுப்பு எங்கிருந்து வந்தது? அது பெரும்பாலும் பரீட்சையின் பிள்ளை எனலாம். 1921இற் கொழும்பில் தொடங்கப்பெற்ற பல்கலைக்கழகக் கல்லூரி, இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்களுக்கே மாணாக்கரை ஆயத்தஞ்செய்தது. கற்பிப்பவர் ஓரிடத்தும், வினாத்தாளை ஆக்குபவர் கடலுக்கு அப்பாலும் இருந்தனர். எத்தகைய ஏற்பாடாயினும், கற்பிப்பவரும் சோதிப்பவரும் பிரிந்தவிடத்துப் பாடத்திட்டத்தை முடித்தலே கடமையாகும், குறிப்புகளே செல்வமாகும். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ், மாணாக்கர் விடுதிகளில் ஒருங்குறைந்து கற்கும் பல்கலைக்கழகத்தையே கருதினார். பேராதனை வளாகம் அக்கருத்தின் வடிவம். ஆயிரம்பேருக்கும் குறைந்த மாணாக்கரைக் கொண்ட அக்காலத்திற் சிறு குழுக்களாகக் கூடி ஆசிரியரோடு கலந்துரையாடல் இயல்வதாயிற்று. மாணாக்கர் தொகை பெருகப் பெருக, பெருமண்டப விரிவுரை நிலைத்தது, சிறுகுழு மெலிந்தது. ஆகவே, இன்று பழமை என்று தள்ளப்படுவது பாடங்கேட்டல் மரபன்று. அம்மரபின் காற்பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு எஞ்சிய முக்காலையும் கைவிட்ட ஓர் ஏற்பாடே அது.

ஆயினும் நன்னூலைக் காட்டி, எல்லாம் நம்மவர் முன்னரே அறிந்தனர் எனப் பெருமிதங்கொள்வது ஆராய்ச்சியாகாது. அந்நூல் திறந்த கதவு குறுகியது. நூலுரைத்தற்கு உரியோராக அது எண்ணுவோர், தன் மகன், தன் ஆசான் மகன், அரசன் மகன், பெரும்பொருள் கொடுப்போன், வழிபாடு செய்வோன், உரைத்ததை விரைந்து கொள்ளும் ஆற்றலுடையோன் என்னும் அறுவர். பிணியாளனும், அறிவு மந்தமானவனும், பழைய நூல்களின் அருமைக்கு அஞ்சி மனந் தடுமாறுவோனும் விலக்கப்பட்டோர் வரிசையில் நிற்கின்றனர். பெண்கள் அப்பட்டியலில் யாண்டுங் காணப்படார். ஏற்பவனின் திறமறிந்து கற்பித்தல் என்னும் உயரிய கொள்கை, ஏற்கும் வாய்ப்பே மறுக்கப்பட்டோரை எண்ணவில்லை. நூலருமை கண்டு தடுமாறும் மாணாக்கனை விலக்குவது எளிது. அவன் தடுமாற்றத்தைத் தீர்ப்பதன்றோ கல்வி? 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக்கல்வி அக்கதவைப் பெயர்த்தெறிந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெயர் அதனோடு நிலைத்தது. பொருள் நிறையக் கொடுப்போனுக்குரிய இடத்தை ஒன்றுங் கொடுக்கவியலாதவன் பெற்ற அம்மாற்றம், எக்கற்பித்தல் முறையினும் பெரியதொரு சீர்திருத்தமாகும்.

இரண்டாவது குறை கருத்துரிமை பற்றியது. பிறர் கொள்கைக்கு உடன்படுதல், மறுத்தல், உடன்பட்டுப் பின் மறுத்தல், தன் கோள் நிறுவுதல், பிறர் நூற்குற்றங் காட்டுதல் முதலாக ஏழு மதங்களை நன்னூல் கூறும். அவை நூல் செய்வோனுக்கு உரியவை. மாணாக்கனோ தீக்காய்வான்போல, மிக நெருங்காதும் மிக விலகாதும், நிழல்போலத் தொடர்ந்து வழிபட வேண்டியவன். அவன் வினாவலாம், மறுக்கலாமோ என்பதற்கு நூலில் தெளிந்த விடையில்லை. நூலாசிரியனுக்கு அளித்த உரிமையை மாணாக்கன் என்று பெறுவான்? அவையில் எழுந்து விரித்துரைக்கும் அந்த அரைப்பங்கே இரண்டையும் இணைக்கும் பாலம். அப்பாலத்தைக் கடவாதவன் வாழ்நாள் முழுதும் மாணாக்கனாகவே இருப்பான்.

மரபின் வலிமையும் எல்லையும் ஒருங்கே விளங்கும் வாழ்க்கை உ. வே. சாமிநாதையருடையது. 1871 முதல் 1876இல் ஆசிரியர் மறையும்வரை அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் பாடங்கேட்டார். அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் புராணங்களுமாக எண்ணிறந்த நூல்கள் ஓதப்பட்டன. பின்னர் 1880இற் கும்பகோணங் கல்லூரியில் ஆசிரியராயமர்ந்த அவரைச் சேலம் இராமசுவாமி முதலியார் சந்தித்து, என்னென்ன நூல்கள் கற்றீர் என வினாவினார். நீண்ட பட்டியலைக் கேட்டும் நிறைவடையாது, சிந்தாமணி முதலிய பழைய காப்பியங்களைப் பற்றிக் கேட்டார். அவற்றைப் பாடங்கேட்கும் வாய்ப்பு ஐயருக்கு வாய்த்திருக்கவில்லை. மாபெரும் ஆசிரியர் ஒருவரிடம் முறையாகக் கற்றோருக்கும் தமிழின் தலையாய நூல்கள் எட்டாமலிருந்தன என்பது மரபின் எல்லையைக் காட்டும். ஆசிரியர் அறிந்த வட்டமே மாணாக்கர் வட்டமாயிற்று. வட்டத்துக்கு வெளியே நின்ற ஒருவர் வினாவே அதனை உடைத்தது.

ஆனாற் கதை அவ்வளவில் முடியவில்லை. முதலியாரிடம் பெற்ற கையெழுத்துப் பிரதியைக்கொண்டு அவருக்கே பாடஞ்சொல்லத் தொடங்கினார் ஐயர். விளங்காத சமணக் கருத்துகளுக்காகக் கும்பகோணத்துச் சைனரை அணுகிக் கேட்டார். ஏடுகளைத் தேடினார், ஒப்புநோக்கினார். 1887இற் சீவக சிந்தாமணி அச்சேறியது. ஆசிரியரில்லாத நூலைத் தானே கற்ற இம்முயற்சியைத் தற்கால மொழியிற் சுயநெறிக் கற்றல் என்பர். அது வெறுங்கையோடு நிகழ்ந்ததன்று. மகாவித்துவானிடம் பெற்ற சொல்வளமும் யாப்பறிவும் நினைவாற்றலும் இல்லாதிருப்பின், அவ்வேடுகள் ஐயர் கையிலும் வெற்றோலைகளாகவே இருந்திருக்கும். காற்பங்கு முதலிற் சேர்ந்தமையால் அரைப்பங்கு பின்னர்க் கைகூடிற்று.

இனி, புதுநெறிகளின் பக்கம் திரும்புதல் தகும். 1968இல் அமெரிக்க உளவியலாளர் கெல்லர் வெளியிட்ட திட்டத்திற் பாடம் சிறு அலகுகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வோர் அலகையும் மாணாக்கன் தன் வேகத்திற் கற்று, ஐயமறத் தேர்ந்த பின்னரே அடுத்ததற்குச் செல்லலாம். முன்னர்த் தேறிய மாணாக்கரே பின்வருவோரைச் சோதித்துத் திருத்தினர். 1969இற் கனடாவின் மக்மாஸ்டர் மருத்துவபீடம், விரிவுரைகளை முதன்மையாகக் கொள்ளாது, நோயாளரின் நிலைமையைச் சிக்கலாக முன்வைத்து, சிறு குழுக்களில் ஆராய்ந்து கற்கும் முறையைத் தொடங்கியது. அவ்வாண்டிலேயே பட்டயம் பெற்ற பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம், முன் தகைமை கேளாமல் தொலைவிலிருந்து கற்போரை ஏற்றது. 1980இல் நிறுவப்பெற்ற இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், தொழில்புரிவோரும் குடும்பப் பொறுப்புடையோரும் பட்டம் பெற வழிகோலியது.

1990களின் தொடக்கத்தில் ஹாவாட் பல்கலைக்கழகப் பௌதிகவியற் பேராசிரியர் எரிக் மசூர் ஒரு குறையைக் கண்டார். கடினமான கணக்குகளைச் செய்து முடிக்கும் மாணாக்கர், விசை பற்றிய எளிய கருத்துவினாக்களுக்குத் தவறான விடை கூறினர். அவர் விரிவுரையை இடையிடையே நிறுத்தி வினாவொன்றை முன்வைத்தார். ஒவ்வொருவரும் தனியே விடை தெரிந்த பின், பக்கத்திலிருப்போரோடு வாதிட்டு மீண்டும் விடை கூறவேண்டும். உடன் பயில்வோராற் பெறும் காற்பங்கை அவர் விரிவுரை மண்டபத்துக்குள்ளேயே கொணர்ந்தார் எனலாம். வேறுபாடும் உண்டு. நன்னூலில் உடன்பயிறல் ஆசிரியன் உரைத்தது அமைந்த பின் நிகழ்வது. இங்கோ, பொருள் அரைகுறையாக விளங்கிய நிலையிலே, தவறு வெளிப்படும்பொருட்டே அது நிகழ்கிறது. தவறு கற்றலின் கருவியாகக் கொள்ளப்படுவது புதுநெறியின் சிறப்பு. பிழையின்றிக் கற்றலைக் குறிக்கோளாகக் கொண்ட மரபில் இதற்கு இடம் சிறிது.

இவற்றின் பயன் அளந்தும் பார்க்கப்பட்டுள்ளது. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நிகழ்ந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஆய்வொன்றின்படி, விரிவுரையை மட்டும் கேட்ட வகுப்புகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 34 பேரும், மாணாக்கர் தாமே முயலும் வகுப்புகளில் ஏறத்தாழ 22 பேரும் சித்தியெய்தத் தவறினர். 2019இல் ஹாவாட்டில் வெளியான ஆய்வு மற்றோர் உண்மையை உணர்த்தியது. முயன்று கற்ற வகுப்பினர் மிகுதியாகக் கற்றிருந்தும், குறைவாகவே கற்றதாக உணர்ந்தனர். செம்மையான விரிவுரை கேட்டோர் குறைவாகக் கற்றும், மிகுதியாகக் கற்றதாக எண்ணினர். இனிய சொற்பொழிவு தரும் நிறைவு கல்வியின் அளவாகாது என்பது இதனாற் பெறப்படும். மாணாக்கரின் விருப்பைக் கேட்டே கற்பித்தலை மதிப்பிடும் வழக்கத்துக்கும் இது ஓர் எச்சரிக்கை.

புதுநெறியும் குறையற்றதன்று. வழிகாட்டலைக் குறைத்து மாணாக்கனே கண்டறியுமாறு விடுதல், துறைக்குப் புதியவனுக்குத் தீங்கு பயக்கும் எனக் கிர்ஷ்னர், சுவெல்லர், கிளார்க் என்னும் மூவர் 2006இல் வாதிட்டனர். முன்னறிவில்லாதவன் உள்ளம் ஒரே வேளையில் தாங்கக்கூடியது சிறிது; தேடலே அதனை நிறைத்துவிடின் கற்றற்கு இடமிராது என்பது அவர்தம் வாதம். கெல்லர் திட்டத்திலும், தன் வேகத்திற் கற்க விடப்பட்டோருட் பலர் நாள்கடத்தி இடைநின்றமை அறியப்பட்ட குறை. 2012ஆம் ஆண்டையொட்டிப் பெருகிய இணையவழித் திறந்த பாடநெறிகளிற் பதிந்தோருட் சிறுபான்மையோரே இறுதிவரை சென்றனர். 2020இற் கொள்ளைநோயால் வகுப்புகள் இணையத்துக்கு மாறியபோது, அலைத்தொடர்பு எட்டாத ஊர்களின் மாணாக்கர் மேட்டுநிலந் தேடிச் சென்றனர். நெகிழ்ச்சி எனப்படுவது யாவர்க்கும் ஒரேயளவில் நெகிழ்வதில்லை. வீட்டில் தனியறையும் நூல்களும் கேட்டற்குரிய பெரியோரும் உடையவனுக்கு அது சுதந்திரம். அவையில்லாதவனுக்குக் கைவிடப்பட்ட நிலை. நன்னூல் கதவடைத்து விலக்கிய தடுமாறும் மாணாக்கனைப் புதுநெறி கதவு திறந்து உள்ளே விட்டது; உள்ளே வந்தவன் கையைப் பற்றாவிடின், இரண்டாமுறையும் அவன் விலக்கப்பட்டவனே ஆவான்.

இவ்விடத்திற் பெயர்மாற்றத்தின் ஆபத்தும் சுட்டத்தக்கது. மாணவர்மையக் கற்பித்தல் என்னும் தொடர் பாடத்திட்ட அறிக்கைகளில் எளிதாக ஏறிவிடும். அதற்கு வேண்டிய சிறுகுழு அறை, நூலகம், ஒவ்வொரு கட்டுரையையும் வாசித்துத் திருத்தும் ஆசிரியர் நேரம் என்பன அத்துணை எளிதாக வாரா. அவை வாராவிடத்து, மாணாக்கனைத் தேடச்சொல்லி ஆசிரியர் ஒதுங்குவதும், பத்துப்பேர் குழுவில் ஒருவன் எழுத ஒன்பதின்மர் ஒப்பமிடுவதும் புதுநெறி என்றே பெயர்பெறும். குறிப்பை வாசித்து எழுதுவித்த பழைய விரிவுரையாளர் பருத்திக்குடுவை எனின், பொறுப்பை மாணாக்கன்மேல் வைத்து விலகும் புதியவர் மட்டை சூழ்ந்த பனையாவார்.

ஆதலின் எவ்வகைப் பாடநெறியையும் பழையது புதியது என நோக்காது, நான்கு வினாக்களால் நோக்குதல் தகும். முதற் காற்பங்கை ஒழுங்குபடத் தருகின்றதா? உடன்பயில்வோரோடு வாதிட்டுத் தவறு திருத்த இடந்தருகின்றதா? தான் கற்றதைப் பிறர்க்கு விரித்துரைத்து, மறுப்புகளை எதிர்கொள்ளும் அவையை அமைக்கின்றதா? இம்மூன்றும் முன்வரிசை மாணாக்கனுக்கன்றிக் கடைவரிசையில் தடுமாறுவோனுக்கும் எட்டுகின்றனவா? முதல் மூன்றையும் மரபு அறிந்திருந்தது. நான்காவதை அறியாதது அதன் பெருங்குறை. நான்காவதை அறிவித்தது புதுநெறியின் பெருமை. முதலாவதை அது மறப்பின் அப்பெருமை பயனின்றி ஒழியும்.

1974இல் யாழ்ப்பாண வளாகம் திருநெல்வேலியில் தொடங்கியபோதும், 2021இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமானபோதும், கிராமங்களிலிருந்து குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் நாடிவரும் பிள்ளைகளுக்கு வாயில் அண்மித்தது. அப்பிள்ளைகள் பலர் மூன்று நான்கு ஆண்டுகள் குறிப்பெழுதி, ஒருமுறையேனும் அவையில் எழுந்து நின்று பேசாமலே பட்டம்பெற்றுச் செல்வரேல், அவர்க்குக் கிடைத்தது காற்பங்கே. எஞ்சிய முக்காலையும் அவர்க்கு வழங்கும் கடமை, பெயர் எதுவாயினும், உயர்கல்வியைச் சார்ந்ததாகும்.